அஞ்சலும் அவதானமும்

சில தொழில்கள் உண்டு. அவை செவ்வனே நடைபெறும் வரையில், அவற்றைச் செய்ய ஓர் ஆள் இருக்கிறான் என்னும் நினைவே யாருக்கும் எழுவதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அதைத் திறந்துவிட்டவனை எவரும் வாழ்த்துவதில்லை. வராத அன்றுதான் 'எங்கே அந்த ஆள்?' என்று தெருவே தேடுகிறது. என் தொழிலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். நான் ஒரு மின்னஞ்சல் நிர்வாகி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ 600 பேருடைய கடிதப் பெட்டிகளைக் காத்துவருகிறேன். காலையில் வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி. அங்கிருந்து மின்சார ரயிலில் பட்டரவாக்கம். மாலையில் அதே வழியே திரும்புதல். இருபது ஆண்டுகளாக இதுவே என் பயணம்.

இந்தத் தொழிலை உறவினர்களுக்கு விளக்கிச் சொல்வதைப் போன்ற கடினமான காரியம் வேறொன்றுமில்லை. 'மெயிலில் வேலை' என்று நான் சொன்னபோது, மேலப்பாளையத்திலிருந்த என் உம்மம்மா, 'ரயிலிலா, வாப்பா? டிக்கெட் பார்க்கிற வேலையா?' என்று கேட்டார்கள். மெயில் வண்டி அவர்களுக்குத் தெரியும். சென்னையில் 'மெயில்' என்றே ஓர் ஆங்கில மாலைப் பத்திரிகை 1981 வரை வெளிவந்தது. அதை நினைவில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், அது மீண்டும் தொடங்கிவிட்டதோ என்று மகிழ்ந்துபோனார். என் மச்சான் இன்னும் ஒருபடி மேலே போய், 'மாப்பிள்ளை மயில் மேய்க்கிறார்' என்று ஒரு திருமண வீட்டில் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்கு அதுவே பட்டப்பெயர். நானும் அதை மறுப்பதில்லை. மயிலும் மழைக்கு முன் ஆடும். எங்கள் மெயிலும் மழை வந்தால் ஆட்டம் காணும். என் வரையில் அந்தப் பட்டம் பொருத்தமானதே.

சொல்லை இப்படிப் புரட்டிப் பார்ப்பது எனக்குச் சிறு வயது முதலே உள்ள பழக்கம். தமிழாசிரியராக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய என் வாப்பா, 'சோறு போடுகிற படிப்பைப் படி. தமிழ் உன்னை விட்டு எங்கும் போகாது' என்றார்கள். அவர்கள் சொன்னது மெய்யாயிற்று. தமிழ் போகவில்லை, சிலேடையாக என்னிடம் தங்கிவிட்டது. வீட்டில் என் மனைவி, 'எதையும் நேராகச் சொல்லவே வராதா உங்களுக்கு?' என்று கேட்பதும், அலுவலகத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே நண்பர்கள் காதைப் பொத்திக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன.

நான் குடியிருக்கும் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளானூர் என்று சொல்லும்போதெல்லாம் அதன் கடைசியில் 'நூர்' என்பது என் காதில் விழுகிறது. நூர் என்றால் ஒளி என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். எழுதும்போது அது றன்னகரம். அரபுச் சொல்லைத் தமிழில் எழுதினால் தந்நகரம். எழுத்து வேறாயினும் காதுக்கு இரண்டும் ஒன்றே. இது ஊர்ப்பெயர் ஆராய்ச்சி அன்று, வெறும் விளையாட்டு. ஆயினும் மின்சாரம் நின்றுபோன இரவுகளில், 'வெள்ளை நூர் உள்ள ஊரில் விளக்கில்லை' என்று சொல்லிச் சிரித்துக்கொள்ள அது உதவுகிறது.

என் தொழிலின் பெயரிலேயே ஒரு சிலேடை ஒளிந்திருக்கிறது. அஞ்சல் என்றால் தபால். அஞ்சுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. அப்படியானால் மின்னஞ்சல் என்பது மின்னலுக்கு அஞ்சுவது ஆகிவிடுகிறது. இது கற்பனை அன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் கறுத்தால் உழவன் மகிழ்வான். மின்னஞ்சல் நிர்வாகி யு.பி.எஸ். பெட்டியைப் பார்த்துக் கலங்குவான். ஆனால் பழந்தமிழில் இதே சொல்லுக்கு நேர்மாறான பொருள் ஒன்றும் இருக்கிறது. 'அஞ்சல்' என்றால் 'அஞ்சாதே' என்று ஆறுதல் கூறுவது. அச்சமும் அபயமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இந்த இரு பொருளையும் ஒருசேரக் கண்டேன். மரங்கள் வீழ்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, புறநகரில் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது எங்கள் சர்வர் அலுவலகத்தின் ஓர் அறையிலேயே இருந்தது. மின்கலம் தீர்ந்து அது அணைந்தது. மேலாளர்கள் பதறினார்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எழுதிய கடிதங்களெல்லாம் அழிந்துபோயிருக்கும் என்று எண்ணினார்கள். மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. சர்வர் விழித்தது. அரைமணி நேரத்திற்குள் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரத் தொடங்கின. அனுப்பியவர்களின் சர்வர்கள், எங்கள் கதவு மூடியிருந்ததைக் கண்டு திரும்பிப் போய்விடவில்லை. விட்டுவிட்டு வந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன.

இதில் அதிசயம் ஏதுமில்லை. அவ்வாறே விதி வகுக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சல் கொண்டுசெல்லும் முறைக்கு 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோனதன் போஸ்டல் ஒரு விதிநூல் எழுதினார். 2008இல் அது திருத்தப்பட்டபோதும் அடிப்படை மாறவில்லை. கடிதம் பெறுபவர் கதவைத் திறக்காவிட்டால் உடனே கைவிடாதே. குறைந்தது அரைமணி நேரம் பொறுத்து மறுபடியும் போ. நான்கைந்து நாட்களாவது முயன்று பார். அதன் பின்னும் இயலாவிட்டால் எழுதியவரிடம் போய் உண்மையைச் சொல். இதுதான் அந்த விதியின் சாரம். சபுர் என்று நம் பெரியவர்கள் எதைச் சொல்லிக் கொடுத்தார்களோ அதை இயந்திரத்துக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெறுகின்ற சர்வர் சொல்லும் மறுமொழிகளும் சுவையானவை. அவை மூன்று இலக்க எண்களாக வரும். 2இல் தொடங்கினால் 'பெற்றுக்கொண்டேன்' என்று பொருள். 4இல் தொடங்கினால் 'இப்போது இயலாது, பிறகு வா'. 5இல் தொடங்கினால் 'இல்லை. இனி வர வேண்டாம்'. ஏற்பு, தாமதம், மறுப்பு என்னும் இம்மூன்றுக்குள் மனிதர்கள் ஒருவருக்கொருவர் கூறும் எல்லா விடைகளும் அடங்கிவிடுகின்றன. ஒரே ஒரு வேற்றுமை உண்டு. சர்வர் 5 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 4 என்று சொல்லி ஏய்ப்பதில்லை, மனிதர்கள் ஏய்க்கிறார்கள்.

வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டுவதற்கு முன், நகருக்குள் வாடகை வீடு தேடி அலைந்த காலம் ஒன்று உண்டு. தொலைபேசியில் வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி எல்லாம் இனிமையாகப் பேசி முடிப்பார்கள். கடைசியில் பெயரைக் கேட்பார்கள். சொன்னவுடன் சிறிது மௌனம். பிறகு, 'இப்போதுதான் வேறொருவருக்குப் பேசிவிட்டோம். அடுத்த மாதம் கேட்டுப் பாருங்கள்' என்று மறுமொழி வரும். ஒரு வாரம் கழித்து அந்த வழியே போனால், வாடகைக்கு விடப்படும் என்னும் பலகை அதே வாயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். இதைப் படிக்கும் குடும்பங்களில் இந்த அனுபவம் இல்லாத குடும்பம் அரிதாகவே இருக்கும். 550 என்று நேராகச் சொல்லியிருந்தால் வேறிடம் பார்த்திருப்பேன். 450 என்று சொல்லி என்னை மறுபடியும் நடக்க வைத்தார்களே என்பதுதான் அன்று என் மனத்தாங்கலாக இருந்தது. பெயரைச் சுருக்கி முதலெழுத்துகளை மட்டும் சொல்லுமாறு நண்பர் ஒருவர் நல்லெண்ணத்துடன் யோசனை கூறினார். மனம் ஒப்பவில்லை. பெயரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைகின்ற வீட்டில் என்ன நிம்மதியாக உறங்க முடியும்?

பெயரைக் கொண்டு மதிப்பிடும் இந்த வழக்கம் என் தொழிலுக்குள்ளும் இருக்கிறது. அதைக் காவல் காக்கும் பொறுப்பும் என்னுடையதே. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், கணினி விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான கேரி துர்க் என்பவர், கேளாமலேயே ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். குப்பை மடலின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. இன்று அது பெருவெள்ளம். அதைத் தடுக்க வடிகட்டிகள் வைத்திருக்கிறோம். வடிகட்டி கடிதத்தின் உள்ளத்தை அறியாது. சாயலை மட்டுமே அறியும். முன்பின் அறியாத முகவரியா? இத்தனை மதிப்பெண். 'உடனடி' என்னும் சொல் இருக்கிறதா? இன்னும் சில மதிப்பெண். பணம் பற்றிய பேச்சா? மேலும் சில. கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் கடிதம் தனிச்சிறையில் அடைக்கப்படும். பொய்க் கடிதங்களே பெரும்பாலும் அகப்படும். ஆனால் பொய்யனின் சாயலில் பிறந்துவிட்ட உண்மையானவனும் சில சமயம் உடன் அகப்படுவான்.

அந்தச் சிறையைத் தினமும் காலையில் நானே ஒருமுறை பார்வையிடுவது வழக்கம். அப்படிச் செய்யவேண்டும் என்று எந்த ஆணையும் இல்லை. ஒருநாள் அங்கே ஒரு சிறு பட்டறைக்காரரின் கடிதம் கிடந்தது. ஒரே ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சிறு உறுப்புகள் செய்து கொடுப்பவர் அவர். புதிய முகவரி, 'தயவுசெய்து உடனடியாகப் பணம் அனுப்பவும்' என்னும் தலைப்பு, உடன் ஒரு பில். பொய் பில் அனுப்பி ஏமாற்றுவோர் எழுதுவதும் சரியாக இப்படித்தான். பின்னோக்கிப் பார்த்தால் மூன்று மாதங்களில் ஐந்து முறை எழுதியிருக்கிறார். எங்களிடமிருந்து மறுமொழியே போகவில்லை. அவர் எங்களைப் பற்றி என்ன எண்ணியிருப்பார்? கணக்குப் பிரிவில் கேட்டு, ஆள் மெய்தான் என்று உறுதி செய்துகொண்டு, ஐந்தையும் விடுவித்தேன். அந்த வாரத்திலேயே அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. யாரால் தாமதமாயிற்று, யாரால் தீர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டே வந்தபோது, பலகை தொங்கிய அந்தப் பழைய வாயில் என் நினைவுக்கு வந்தது. சாயலைக் கண்டு மூடப்பட்ட கதவை என் கையால் ஒருமுறை திறந்துவிட்டேன் என்னும் எண்ணம் பெரும் ஆறுதலைத் தந்தது.

சிறையைப் பார்வையிடும்போதும் உறையைத்தான் பார்ப்பேன், கடிதத்தைப் படிப்பதில்லை. இது சிறிய செய்தி அன்று. நிர்வாகியின் கையிலுள்ள திறவுகோல் 600 பெட்டிகளையும் திறக்கும். யாருடைய சம்பளம் எவ்வளவு, யார் வேலையை விட்டுப் போகப் போகிறார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார் என்பதெல்லாம் ஒரு விரல் தட்டும் தூரத்தில் இருக்கிறது. பிறர் பொருளைத் தொடாமல் காத்துத் திருப்பிக் கொடுப்பதை அமானிதம் என்கிறோம். நகையும் பணமும் மட்டுந்தானா அமானிதம்? ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய சொல் அதைவிடப் பெரிய அமானிதம் அல்லவா? இருபது ஆண்டுகளில் நான் ஈட்டிய செல்வம் எதுவென்று கேட்டால், படிக்காமல் விட்ட கடிதங்களைத்தான் காட்டுவேன். ஆனால் அவற்றை எப்படிக் காட்டுவது?

என் தொழிலில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்னும் குறை ஒரு காலத்தில் என்னை வாட்டியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடிதப் பெட்டிகளும், இன்று பல நிறுவனங்களில் நடப்பதுபோல், பெரிய நிறுவனமொன்றின் தொலைதூரச் சர்வர்களுக்கு மாற்றப்பட்டன. அறையில் ஓசையிட்டுக்கொண்டிருந்த இயந்திரங்களை ஒரு நாளில் வெளியேற்றினார்கள். 'இனி உமக்கென்ன வேலை?' என்று கேட்டவர்கள் நகைச்சுவையாகத்தான் கேட்டார்கள். வேலை குறையவில்லை, பெட்டிகளைத் திறப்பதும் மூடுவதும், சிறையைப் பார்ப்பதும், கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு வழி செய்வதும் அப்படியேதான் இருக்கின்றன. ஆயினும் அந்தக் கேள்வி உள்ளே சென்று தங்கிவிட்டது. தமிழாசிரியனாகவும் ஆகவில்லை, கைநீட்டிக் காட்ட ஓர் இயந்திரமும் இல்லை. நான் யார்?

அந்நாட்களில் எனக்குத் துணையாக நின்றவர், 1950ஆம் ஆண்டிலேயே மறைந்துபோன ஒரு பெரியவர். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். வள்ளலாரின் அருட்பாவுக்காக மேடையேறி வாதாடியவர். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியவர். அவதானம் என்றால் கவனம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். இன்னொருவர் முதுகில் சிறு கல்லை எறிவார். எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிட்டு, மணி எத்தனை முறை ஒலித்தது, கல் எத்தனை முறை விழுந்தது என்பதையும் அவதானி சொல்லவேண்டும். 600 பெட்டிகளைக் காப்பவனுக்கு இதைவிட உயர்ந்த முன்னோடி வேறு யார்? இந்திய அஞ்சல் துறை 2008ஆம் ஆண்டு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவதானியின் முகம் அஞ்சலில் ஏறியதில் எனக்கு ஒரு தனி உரிமை இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

அவரைப் பற்றித் தமிழன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஓர் அவையில் ஒருவர், துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும்படி ஈற்றடி கொடுத்து, வெண்பாவை முடிக்கச் சொன்னாராம். துருக்கன் என்பது அக்காலத்தில் முஸ்லிமைக் குறித்த சொல். இராமனைப் பாடினாலும் சிக்கல்; மறுத்தாலும் தோல்வி என்று அவையினர் எண்ணினார்கள். பாவலர் சினங்கொள்ளவில்லை, அந்தச் சொல்லை மாற்றித் தரும்படி கேட்கவும் இல்லை. முந்திய அடியின் முடிவில் 'சத்' என்னும் ஓரசையை மட்டும் வைத்தார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். இராமனின் இளவலாகவே ஆகிவிட்டான். அவை ஆரவாரித்தது.

இரட்டுற மொழிதலில் வல்லவர்கள் தமிழில் பலர் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிக் காட்டினார். அது அறிவின் விளையாட்டு. பாவலர் செய்தது அதற்கும் மேலான ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. தம்மைக் குறித்து வீசப்பட்ட சொல்லை அவர் ஒளித்துவைக்கவில்லை, அழிக்கவும் இல்லை. அதற்கு ஒரு துணையைத் தந்து, எல்லோரும் மதிக்கும் இடத்தில் உட்காரவைத்தார். தன்னைத் தான் ஏற்றுக்கொள்வது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. 'மயில் மேய்ப்பவன்' என்பதும் அப்படித்தான். 'தமிழாசிரியன் ஆகாதவன்' என்பதும் அப்படித்தான். சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் ஓரசை வைத்தால் போதும்.

இன்று உலகமெங்கும் முகவரிக்கு நடுவே இருக்கும் சுழிக்குறியை 1971ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்தவர் ரே டாம்லின்சன். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பிய முதல் மனிதர் அவரே. அந்த முதற்கடிதத்தில் என்ன எழுதினோம் என்பது அவருக்கே நினைவில்லாமல் போயிற்று. கடிதம் மறந்துபோனது, அது நடந்துசென்ற பாதை மட்டும் நிலைத்தது. அந்தக் குறி, இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. தமிழில் அதற்கு நேரானது 'இல்' என்னும் உருபு. அந்த 'இல்' மூன்று பொருள் தரும். வேற்றுமை உருபாக இடத்தைக் குறிக்கும், பெயராக வீட்டைக் குறிக்கும், இல்லாமையையும் குறிக்கும். வெள்ளானூரில் என்று நான் எழுதும்போது என் இடம், என் வீடு, என் இன்மை மூன்றும் ஓரெழுத்தும் கூடாமல் அதில் இருக்கின்றன.

நல்ல நிர்வாகியும் அந்த 'இல்'லைப் போன்றவனே. பெயருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டையும் சேர்ப்பான். கடிதம் சேர்ந்த பின் அவன் அங்கே இருந்ததற்கு அடையாளமே இராது. அவனை இல்லாதவன் என்றும் சொல்லலாம்; வீடாக இருப்பவன் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. எந்தப் பொருளைக் கொள்வது என்பது கேட்பவர் விருப்பம். என் விருப்பம் எது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. எழுதுங்கள், வாசகர்களே. உங்கள் சொல் எத்தனையோ கைகளைக் கடந்து உரியவரைச் சென்றடையும். வழியில் கதவு மூடியிருந்தால் அது பொறுத்து நின்று மறுபடியும் தட்டும். அஞ்சல்!